கேட்டவர் கடன்

ஒருவர் தம் கதையை நம்மிடம் சொல்லி, “எப்படி இருக்கிறது?” என்று வினவுகிறார். அவர் நம்மிடம் வேண்டுவது யாது? நாம் அவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருப்பது யாது? மேலோட்டமாகப் பார்த்தால் எளியனவாகத் தோன்றும் இவ்விரு வினாக்களும், ஆராயப் புகுந்தால் அறத்தின் நடுவிடத்திற்கே நம்மை இட்டுச் செல்கின்றன. உண்மை பேசுதல் ஓர் அறம்; பிறர் மனம் நோவாமல் பேசுதல் மற்றோர் அறம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடங்கள் வாழ்வில் பல உள. எழுத விழையும் இளைஞர் ஒருவர் தம் கதைக்கருவை நம்முன் வைக்கும் இடம் அவற்றுள் ஒன்று.

இவ்வினா தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களுக்குத் தொலைவில் உள்ளதன்று. வாரத்தில் ஐந்து நாள் கோப்புகளோடு காலம் கழிக்கும் நாம், ஞாயிறுதோறும் சங்கத்து நூலகத்தில் கூடுகிறோம். முன்னாளில் அங்கே இளைஞர்கள் கவிதைக் குறிப்பேடுகளுடன் வந்தனர். இந்நாளில் திரைக்கதைகளுடன் வருகின்றனர். சிலர் தாளில் எழுதி வருவர். சிலர் கைப்பேசியைப் பார்த்துப் படிப்பர். பெரும்பாலோர் கோடம்பாக்கத்து வழக்கப்படி வாயாலேயே கதை சொல்வர். பின்னணி இசையையும் அவர்களே எழுப்பிக் காட்டுவதுண்டு. நாமோ திரைத்தொழில் அறிந்தவர்கள் அல்லோம். கோடம்பாக்கத்தை மின்சார ரயிலின் சன்னல் வழியே கண்டதோடு நம்மிற் பலருடைய திரையுலகத் தொடர்பு முடிந்துவிட்டது. ஆயினும் அவர்கள் நம்மை நாடி வருகின்றனர். கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் பிறந்து வளர்ந்த அப்பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கதையைச் சொல்லிக் கருத்துக் கேட்க வேறு ஆள் இல்லை. பள்ளித் தோழர்க்கு மொழி தெரியாது. பெற்றோர்க்கு அந்தப் பேச்சே ஆகாது. ஆகவே நாம் சொல்லும் ஒரு சொல், தன் தகுதிக்கு மேற்பட்ட எடையோடு அவர்கள் நெஞ்சில் விழுகிறது. அந்த எடையை உணர்ந்து பேசுவது எவ்வாறு என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது.

இன்சொல்லும் பொய்ச்சொல்லும்

எளிய வழி ஒன்று உண்டு. “மிக நன்றாக இருக்கிறது, தம்பி, தொடர்ந்து எழுது” என்று சொல்லித் தோளைத் தட்டி அனுப்பிவிடலாம். கேட்டவர் முகம் மலரும். நமக்கும் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதைக் கருங்குஞ்சு என்று சொல்லி நாம் ஏன் பகை தேடிக்கொள்ள வேண்டும் என்பது உலகியல்.

இதற்கு அறநூல்களில் துணை தேடுவாரும் உளர். குற்றமற்ற நன்மையை விளைக்குமாயின் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவரே இடம் தந்திருக்கிறார் அல்லவா, ஓர் இளைஞரின் ஊக்கத்தைக் காப்பது நன்மைதானே என்று அவர்கள் வினவுவர். வள்ளுவர் வைத்த நிபந்தனையை அவர்கள் மெல்லக் கடந்து சென்றுவிடுகின்றனர். விளையும் நன்மை குற்றம் தீர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அந்த நிபந்தனை. பொய்ப்புகழின் விளைவை எந்த நாளில் நின்று அளப்பது? அன்று மாலையே அளந்தால் நன்மைதான் தெரியும். மூன்றாண்டு கழித்து அளந்தால் காட்சி வேறாக இருக்கலாம்.

அந்த மூன்றாண்டில் நிகழ்வதை நாம் அறியாதவர்கள் அல்லோம். பாராட்டுப் பெற்ற இளைஞர் கிடைத்த வேலையை விடுகிறார். தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏறி ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் கடந்து சென்னை சேர்கிறார். வடபழனியிலோ சாலிகிராமத்திலோ நால்வரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொள்கிறார். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். கடைசியில் ஒருநாள் ஒரு தயாரிப்பாளர் முன் அமர்ந்து கதையைத் தொடங்க, பத்தாம் நிமிடத்தில் கேட்பவர் கொட்டாவி விடுகிறார். கதையின் நடுப்பகுதியில் ஒன்றும் நிகழவில்லை என்னும் உண்மை அப்போதுதான் இவருக்குத் தெரியவருகிறது. இங்கே நாம் விலையின்றிச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு குறையை, அங்கே அவர் தம் இளமையின் மூன்றாண்டை விலையாகக் கொடுத்து அறிந்துகொள்கிறார். அலுவலக வழக்கில் சொன்னால், நம் பெயரில் இருந்த செலவை அவர் கணக்கில் எழுதிவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. இன்சொல்லுக்கு வள்ளுவர் கூறும் இலக்கணத்தில் அன்பும் இருக்கிறது, வஞ்சனையின்மையும் இருக்கிறது. இரண்டாவது உறுப்பை வெட்டி எறிந்துவிட்டு முதலாவதை மட்டும் வைத்துக்கொள்ள இயலாது. பொய்ப்புகழ் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று உசாவிப் பார்த்தால், பெரும்பாலும் அது கேட்டவர் மகிழ்ச்சிக்காக அன்றிச் சொன்னவர் வசதிக்காகவே பிறந்தது என்பது புலனாகும்.

எழுத்தாணி யார் தலையில்?

மறுபுறம் கடுமொழியாளர் நிற்கின்றனர். நம் மரபில் கடுமைக்குக் குறைவில்லை. பிழைபடப் பாடியவர் தலையிற் பிள்ளைப்பாண்டியன் குட்டினான், வில்லிபுத்தூரார் காதை அறுத்தார், ஒட்டக்கூத்தர் தலையையே கொய்தார் என்று செவிவழிக் கதைகள் வழங்குகின்றன. இவற்றுள் வரலாறு எத்துணை என்பது ஒருபுறம் இருக்கட்டும். புலமையுலகம் தன்னைப் பற்றி இத்தகைய கதைகளைக் கட்டிச் சொல்லி மகிழ்ந்தது என்பதே கருதத்தக்கது.

அதே மரபு சாத்தனாரைப் பற்றி வேறொரு கதை சொல்கிறது. குற்றமுடைய பாடலைக் கேட்கும்போதெல்லாம் அவர் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொள்வாராம். புண்பட்டுச் சீழ் வைத்தமையால் சீத்தலைச் சாத்தனார் எனப் பெயர் வந்ததாம். சீத்தலை என்பது ஊர்ப்பெயரே என்று அறிஞர் கொள்வர். ஆயினும் கதையில் ஒரு நுட்பம் உண்டு. பிறர் தலையைக் கொய்பவருக்கு முதலடி போதும். பாட்டை முழுமையும் கேட்க வேண்டுவதில்லை. தம் தலையிற் குத்திக்கொள்பவரோ இறுதிவரை உற்றுக் கேட்டவர்; பிறர் பிழையால் தாமும் நொந்தவர். அந்த நோவு இல்லாதவர் சொல்லும் குறை, எத்துணை உண்மையாயினும், கேட்பவர் உள்ளத்திற் சேர்வதில்லை.

கடுமொழியாளர் தம்மை நக்கீரர் வழியினர் என்று சொல்லிக்கொள்வர். தருமியின் கதை நாம் யாவரும் அறிந்தது. 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் அதை எழுதி இயக்கிய ஏ.பி. நாகராசனே நக்கீரராகத் தோன்றினார், நாகேஷ் தருமியானார். கதை எழுதுபவர் ஒருவரே குற்றம் காண்பவர் வேடத்தையும் ஏற்றது இனியதொரு பொருத்தம். அறுபது ஆண்டு கடந்த பின்னும் மக்கள் மறவாதிருப்பது அவையில் நடந்த சொற்போரை மட்டுமா? கோயிலில் தனியே நின்று தருமி புலம்பும் காட்சியும் அதே அளவு நிலைத்திருக்கிறது. பரிசுக்கு வந்தவன் பசியோடு திரும்பிய துயரத்தை மக்கள் மனம் தன் துயரமாகக் கொண்டுவிட்டது.

இதனால் நக்கீரர் பெருமை குறைந்துவிடாது. அவர் பெருமை வலியார் முன் வாய்மை பேசியதில் இருக்கிறது. நெற்றிக்கண் திறந்தபோதும் தம் சொல்லை மாற்றாதவர் அவர். ஏழை இளைஞன் ஒருவன் முன் கடுமை காட்ட அத்துணை துணிவு வேண்டுவதில்லை. எரிக்கும் கண் எதுவும் அவனிடம் இல்லை. எளியார் முன் மட்டும் நக்கீரராக விளங்கி, மேலதிகாரி எழுதிய கவிதைக்கு முன் தருமியாகிவிடும் ‘வாய்மை’யை நாம் அடிக்கடி கண்டிருக்கிறோம்.

பவணந்தியாரும் அலுவலகக் கையேடும்

அவ்வாறாயின் குறையை எங்ஙனம் கூறுவது? வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுத்தார். மற்றொன்று விரித்தல் என்பது அவற்றுள் ஒன்று. எடுத்த பொருளை விட்டுப் பிறிதொன்றைப் பெருக்குதல். கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதிகளைக் காணும்போதெல்லாம் அப்பெயர் நம் நினைவுக்கு வரும். சென்று தேய்ந்து இறுதல் என்பது மற்றொன்று. மிடுக்காகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிதல். இடைவேளைக்குப் பின் படம் தொய்ந்துவிட்டது என்று நாம் இன்று சொல்வதை, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மூன்று சொற்களில் அவர் சொல்லி வைத்தார்.

அப்பத்துக் குற்றங்களில் ஒன்றேனும் ஆசிரியனைச் சுட்டவில்லை என்பதை உணர்தல் வேண்டும். அறிவிலி என்றோ சோம்பேறி என்றோ அங்கே சொல் இல்லை. செய்தவன் ஒதுங்கி நிற்கச் செய்பொருள் மட்டுமே ஆராயப்படுகிறது. மேலும், பெயரிட்ட குறையைத் திருத்த இயலும். “என்னவோ, எனக்குப் பிடிக்கவில்லை” என்பதை எவராலும் திருத்த இயலாது. பத்துக் குற்றம் கூறிய முனிவர் பத்து அழகும் கூறினார். எண்ணிக்கையிற்கூட அவர் ஓரவஞ்சனை செய்யவில்லை.

பாடம் கேட்போரையும் அவர் தரம் பிரித்தார். பாலையும் நீரையும் பிரித்துப் பாலைக் கொள்ளும் அன்னம் தலையாய மாணாக்கனுக்கு உவமை. நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை கடையாய மாணாக்கனுக்கு உவமை. கதை கேட்போர்க்கும் இவ்வுவமைகள் முற்றும் பொருந்தும். இரண்டு மணி நேரக் கதையில் நல்லதோர் உரையாடலும் புதியதொரு பாத்திரமும் இருந்திருக்க, நாயகன் எப்படி ஒரே நாளில் தில்லியிலிருந்து திருச்சி சென்றான் என்பதை மட்டும் பிடித்துக்கொள்பவர் பன்னாடை வகையினர்.

அன்னத்தின் செயலுக்குத் திரையுலகிலேயே சான்று உண்டு. ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசனிடம் அவருடைய கதை இலாகாவினர் ஒரு வீரப்பெண்ணின் கதையைக் கூறினர். கதை அவருக்கு உவப்பாக இல்லை, தள்ளிவிட்டார். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. அப்பெயருக்கு ஏற்ற வேறு கதையை உருவாக்குமாறு பணித்தார் என்பர். அது ‘சந்திரலேகா’ என்று 1948இல் நாடெங்கும் புகழ் பெற்றது. தள்ளத்தக்க கதையிலும் கொள்ளத்தக்க ஒன்று இருக்கக்கூடும். அதைத் தேடி எடுத்துச் சொல்வது கேட்டவர் கடன்.

நம் அலுவலக வாழ்வும் இதையே கற்பிக்கிறது. கோப்பில் முன்னவர் எழுதிய குறிப்பிற் பிழை கண்டால், பணிவும் நிதானமும் உடைய மொழியில், தனிமனிதரைத் தாக்காமல் அதைச் சுட்ட வேண்டும் என்பது மத்தியச் செயலகத்தின் அலுவலக நடைமுறைக் கையேடு வகுத்த நெறி. இது வெறும் மரியாதைக்காக எழுந்த விதி அன்று. ஏச்சு கலந்த குறிப்பு மேலே செல்லுமாயின், படிப்பவர் மனத்தில் ஏச்சு நிற்கும், பொருள் மறைந்துபோகும். குறிப்பெழுதும் வரிசையும் நமக்குப் பயன்படும். முதலில் நம்முன் உள்ள பொருள் யாது என்று சுருக்குகிறோம். பின்னர் அதில் உள்ள நிலையைக் காட்டுகிறோம். இறுதியில் ஒரு வழியைச் சொல்கிறோம். கதைக்கும் இவ்வரிசை ஏற்றதே. “நாங்கள் புரிந்துகொண்ட கதை இது” என்று முதலில் திரும்பச் சொல்லிவிட வேண்டும். பாதி வேளைகளில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞரே, “இல்லை, நான் நினைத்தது அதுவன்று” என்று இடைமறித்துத் தம் குறையைத் தாமே கண்டுகொள்வார். பிறகு நாம் சொல்ல வேண்டுவது மிகச் சிறிதே.

யாருடைய கதை?

இவ்வளவு நெறிகளையும் கைக்கொண்டவர்க்கும் ஒரு சோதனை உண்டு. நாம் கேட்க விரும்பும் கதையை அவர் வாயிலிருந்து வரவழைக்கும் ஆசையே அது.

அண்மையில் ஓர் இளைஞர் மதுரைப் பின்னணியில் ஒரு கதை சொன்னார். இரு குடும்பங்களின் பகை, திருவிழா, அரிவாள், பழிக்குப் பழி. பத்தாம் நிமிடத்தில் நாயகனின் தாய் கொல்லப்படுகிறாள். மதுரையை அவர் பார்த்ததுண்டா என்று ஒருவர் வினவினார். பார்த்ததில்லை. அவர் பிறந்ததும் வளர்ந்ததும் ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி முகாமில். உழைப்பையே முதலாகக் கொண்டு தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல்லாண்டு வாழ்ந்த அம்முகாம், நீதிமன்ற ஆணையின்பேரில் 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். தகுதியுடையவை என ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் நகரின் வட எல்லையில் நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கப்பட்டது. அவருடைய தாய் வீட்டு வேலை செய்யும் இல்லங்களோ இன்னும் ஜங்புராவிலேயே உள்ளன. விடியுமுன் புறப்பட்டு, பேருந்தும் மெட்ரோவும் மாறி மாறி வந்து சேர்கிறார். இடிந்த வீட்டின் சாவி இன்றும் அவர் முந்தானையில் முடிந்திருக்கிறது என்று, வேறெதையோ சொல்லும்போது போகிற போக்கில் அவ்விளைஞர் சொன்னார்.

கேட்டிருந்தோர் நிமிர்ந்து உட்கார்ந்தனர். “தம்பி, இதுவல்லவா கதை! அரிவாளை விடு, சாவியை எழுது” என்றார் ஒரு பெரியவர். மற்றும் இருவர் அதையே வற்புறுத்தினர். இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, “ஐயா, எங்கம்மா அழுதது அவங்களோட போகட்டும். நான் எழுதற படத்துக்கு அவங்க வந்து உட்கார்ந்து கைதட்டணும்” என்றார்.

இதற்கு அவையில் உடனே விடை எழவில்லை. அறிந்ததை எழுதுக என்பது எழுத்தாளர்க்குச் சொல்லப்படும் பழைய அறிவுரை. அது பொய்யான அறிவுரையும் அன்று. ஆயினும் ஒருவர் துயரம் அவருடைய உடைமை. கூரை உறுதியான குடியிருப்பில் வாழும் நாம், கூரை இழந்தவரிடம் அந்த இழப்பையே கலையாக்கித் தருமாறு கேட்க என்ன உரிமை உடையோம்? அவர் ஒரு கதையைப் பற்றிக் கருத்துக் கேட்டார். இன்னொரு கதையைத் தரும் கடமை அவருக்கில்லை. அந்த மற்றொரு கதையும் நம் கண்ணிற் பட்டது என்பதை ஒருமுறை சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். அதற்குமேல் தேர்வு அவருடையது.

ஆகவே பேச்சு அரிவாள் கதைக்கே திரும்பியது. கொல்லப்பட்ட தாயின் பெயர் என்ன என்று ஒருவர் கேட்டார். அவர் பெயர் வைத்திருக்கவில்லை. பத்தாம் நிமிடத்திற்குப் பின் அந்தத் தாயைக் கதையில் ஒருவரும் நினைப்பதில்லை. கொலை செய்வதற்குக் காரணமாக மட்டுமே அவள் பயன்படுகிறாள் என்பது அப்போது வெளியாயிற்று. அவர் அதைக் குறித்துக்கொண்டு சென்றார். இரண்டு மாதம் கழித்து மாற்றி எழுதிவந்தார். மதுரையும் திருவிழாவும் அரிவாளும் அப்படியே இருந்தன. தாய் மட்டும் சாகவில்லை. பெயரோடு, இறுதிக் காட்சி வரையில், மகனோடு வழக்காடிக்கொண்டே இருக்கிறாள். முன்னதைவிட அது நல்ல கதை. அவருடைய கதையும் அதுவே.

ஆருடம் நம் தொழிலன்று

கதையைப் பற்றிக் கருத்துக் கேட்டவர் பல வேளைகளில் அடுத்த வினாவையும் தொடுப்பார்: “நான் இந்தத் துறையில் வெற்றி பெறுவேனா?” இங்கே நாம் வாயடக்கம் கொள்ள வேண்டும். கதையில் உள்ளதும் இல்லாததும் நம் கண்முன் இருக்கின்றன. அவருடைய எதிர்காலம் நம் கண்முன் இல்லை. “உனக்கு இது வராது, பேசாமல் தேர்வுக்குப் படி” என்பதும் “நீ பெரிய ஆளாக வருவாய்” என்பதும் ஒரே வகைப் பொய். அறியாததை அறிந்ததாகக் கூறுவதே இரண்டிலும் உள்ள குற்றம்.

நம் வகுப்பினர்க்கு நெருக்கமான எடுத்துக்காட்டு கே. பாலசந்தர். சென்னை ஏ.ஜி. அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே நாடகங்கள் எழுதி மேடையேற்றியவர் அவர். 1964இல் ‘தெய்வத்தாய்’ படத்திற்கு உரையாடல் எழுதினார். 1965இல் ‘நீர்க்குமிழி’யை இயக்கினார். பக்கத்து மேசைக்காரர் ஒருவர், “பேரேட்டைப் பார், நாடகம் வேண்டாம்” என்று தடுத்து அவரும் கேட்டிருந்தால், தமிழ்த் திரை எதை இழந்திருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் இதே எடுத்துக்காட்டில் அடங்கிய மற்றொரு பாதியை இளைஞர்கள் மறந்துவிடுகின்றனர். வேலையை விட்டுவிட்டுக் கலையைத் தேடியவர் அல்லர் அவர். கலை தம்மைத் தாங்கும் அளவு வளரும் வரையில் வேலையோடு அதை வளர்த்தவர். மத்திய அரசு ஊழியர்க்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளும், பணிக்கு ஊறு நேராத வரையில், அவ்வப்போது இலக்கிய, கலைப் பணிகளில் ஈடுபட முன் அனுமதியின்றியே இடம் தருகின்றன.

திறமை உடையவர் யாவரும் வாழ்வர் என்பதும் இல்லை. புதுமைப்பித்தனின் எழுத்தாற்றலை ஐயுறுவார் யார்? ‘ராஜமுக்தி’ படத்திற்கு எழுதப் புனே சென்ற அவர், காசநோயுடன் திரும்பி 1948இல் மறைந்தார். கதை நன்றாக இருப்பது வேறு. அதை எழுதியவர் வாழ்வு நன்றாக அமைவது வேறு. முன்னதைப் பற்றி மட்டுமே நாம் கருத்துரைக்க இயலும்.

செவியில் விழுந்த பொருள்

இறுதியாக, பலர் எண்ணிப் பாராத ஒரு கடமை உண்டு. பிறர் சொன்ன கதை நம் செவியில் விழுந்தபின் அது யாருடையது?

இதற்குத் தில்லியிலேயே, நம்மையே பற்றிய ஒரு வழக்கு உண்டு. ஆர்.ஜி. ஆனந்த் என்னும் நாடக ஆசிரியர் 1953இல் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்றொரு நாடகம் எழுதினார். தில்லியில் அக்கம்பக்கத்தில் வாழும் ஒரு பஞ்சாபிக் குடும்பமும் ஒரு மதராசிக் குடும்பமும், அவ்விரு வீட்டுப் பிள்ளைகளின் காதல், மாநில வேற்றுமை பாராட்டும் மனப்பான்மை ஆகியவையே அதன் பொருள். 1954இல் அது தில்லியில் மேடையேறியது. 1955இல் இயக்குநர் மோகன் சேகல் தில்லி வந்தபோது நாடகம் முழுவதையும் அவருக்குச் சொன்னதாகவும், பின்னர் அவரிடமிருந்து செய்தி ஒன்றும் வரவில்லை என்றும் ஆசிரியர் வழக்கில் கூறினார். 1956இல் ‘நியூ டெல்லி’ என்னும் படம் வந்தது. வாடகைக்கு இடம் கிடைக்காத பஞ்சாபி இளைஞன் ஒருவன் தென்னிந்தியன் போல வேடமிட்டு இடம் பிடிக்கிறான். தமிழ்ப் பெண்ணொருத்தியைக் காதலிக்கிறான். கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கருத்துக்கும் கதைப்பொருளுக்கும் எவரும் உரிமை கொண்டாட இயலாது. அதை வெளியிட்ட வடிவத்திற்கே உரிமை உண்டு. இரண்டும் வடிவத்தில் வேறுபட்டவை. ஆதலின் படம் நாடகத்தின் நகல் ஆகாது என்று 1978இல் தீர்ப்பாயிற்று.

அத்தீர்ப்பு சட்டத்தில் முற்றும் சரியே. மாநில வேற்றுமையும் காதலும் எவருடைய தனிச்சொத்தும் அல்ல. அவற்றை ஒருவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தால் பிறகு எவரும் எழுத இயலாது. ஆனால் சட்டம் தன் எல்லையில் நின்றுவிடும்போது அறத்திற்கு வேலை தொடங்குகிறது. எழுதிய வடிவத்தைச் சட்டம் காக்கும். எழுதப்படாமல், நம்பிக்கையின்பேரில் செவியில் சொல்லப்பட்ட கருவைக் காப்பதற்குக் கேட்டவர் மனச்சான்றைத் தவிர வேறு காவல் இல்லை. கேட்ட கதையைப் பிறரிடம் சுவையாக எடுத்துச் சொல்வதும், அதில் ஒரு காட்சியை நம் வீட்டு நாடகத்திற்கு எடுத்துக்கொள்வதும் வழக்குமன்றம் ஏறாத செயல்கள். ஆயினும் அடகு வைத்த நகையை அணிந்துகொண்டு திருமணத்திற்குச் செல்வது போன்றவை அவை.

இளைஞர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கதையைச் சொல்லுமுன் முழுமையாக எழுதிவிடுங்கள். எழுத்தே உங்கள் காப்பு. பதிப்புரிமைப் பதிவு அலுவலகம் நம் துவாரகாவிலேயே இருக்கிறது. எழுதிப் பார்ப்பதில் மற்றொரு பயனும் உண்டு: வாயாற் சொல்லும்போது பின்னணி இசையால் மூடிய ஓட்டைகள் தாளில் தாமே தெரியும். கருத்துக் கேட்குமுன், நீங்கள் வேண்டுவது கருத்தா பாராட்டா என்று உங்களையே வினவிக்கொள்ளுங்கள். பாராட்டு வேண்டுமாயின் அதையே கேட்டுவிடுவது நேர்மை. தளர்ந்த நேரத்தில் அதுவும் ஒருவர்க்குத் தேவைதான்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ மகளோ ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்திற்கு வந்து எங்களிடம் சொல்லும் கதைகள், முதலில் உங்களிடம் சொல்ல முயன்று விட்டவை. பணியாளர் தேர்வாணையத் தேர்வைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயமே. அக்கவலை எங்கள் இல்லங்களிலும் உண்டு. தேர்வும் நடக்கட்டும். அதற்கிடையே ஓர் இரவு உணவு முடிந்தபின், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஒரு கதையை இறுதிவரை கேளுங்கள். கேட்டு முடித்தபின் உங்களுக்குப் புரிந்ததைத் திரும்பச் சொல்லுங்கள், பிடித்ததைச் சொல்லுங்கள், எங்கே கவனம் சிதறியது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திரைத்தொழில் அறியாதவர் என்ற தயக்கம் வேண்டா. படம் பார்க்கப் போகிறவர்கள் நீங்கள்தாமே.